குளிர்நாட்டுப் புல்தரை: எப்போது உழைப்பது, எப்போது விட்டுவிடுவது

ரொறன்ரோவில் சொந்த வீடு வாங்குபவருக்கு வீட்டோடு சேர்ந்து ஒரு துண்டுப் புல்தரையும் கைக்கு வந்து சேர்கிறது. கூரையின் வயதையும் வெப்பமூட்டியின் நிலையையும் விசாரித்து வாங்குபவர்கள், புல்லைப் பற்றி எதுவும் விசாரிப்பதில்லை. முதலாவது யூலை மாதத்தில் அது பழுப்பாக மாறும்போதுதான் கவலை தொடங்குகிறது. கடைக்குச் சென்று உரமும் விதையும் வாங்குகிறார்கள். நாள்தோறும் மாலையில் நீர் பாய்ச்சுகிறார்கள். ஓகஸ்ட் முடிவில் பாடசாலை தொடங்கும் பரபரப்பில் புல்தரை மறக்கப்பட்டுவிடுகிறது. செலவு செய்த பணத்துக்கும் நேரத்துக்கும் ஏற்ற பலன் கிடைக்காமல் போவதற்கு இந்த வரிசையே காரணம். கோடையில் செய்யும் பெரும்பாலான வேலைகளை விட்டுவிட்டு, அதே உழைப்பில் பாதியைச் செப்ரெம்பரில் செய்தால் போதுமானது. அது ஏன் என்பதைப் புரிந்துகொண்டால், ஆண்டின் மற்ற வேலைகள் தாமாகவே ஒழுங்குபடும்.

இருவகைப் புற்கள்

ஊரில் கோயில் வீதியிலும் வயல் வரம்பிலும் படரும் அறுகு, வெப்பத்தை விரும்பும் புல். வெயில் ஏற ஏற அது செழிக்கும். ஒன்ராறியோவின் வீட்டு முற்றங்களில் வளர்வதோ வேறு குடும்பப் பழக்கம் உள்ள புற்கள்: கென்ரக்கி புளூகிராஸ், ரைகிராஸ், ஃபெஸ்கியூ ஆகிய மூன்றுமே பெரும்பாலும் கலந்து விதைக்கப்படுகின்றன. இவை குளிரை விரும்புபவை. வெப்பநிலை 15 முதல் 24 பாகை வரை இருக்கும்போது நன்றாக வளரும்; 30 பாகையைத் தாண்டி மழையும் குறைந்தால் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு, இலைகளை உலரவிட்டு, மண்மட்டத்தில் இருக்கும் குருத்தடியில் உயிரை வைத்துக்கொண்டு உறங்கிவிடும். யூலையில் நாம் காணும் பழுப்பு நிறம் பெரும்பாலும் சாவு அன்று; உறக்கம்.

களைகளில் மிகவும் தொல்லை தருவதாகிய கிராப்கிராஸ், அறுகைப் போலவே வெப்பத்தை விரும்பும் இனம். புல்தரை உறங்கும் அதே வாரங்களில் அது விழித்திருந்து படர்கிறது. ஆகவே, யூலையில் உரமிடுபவர் உறங்கும் புல்லுக்கு அல்ல, விழித்திருக்கும் களைக்கே உணவளிக்கிறார். இந்த ஓர் உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு பருவங்களைப் பார்ப்போம். நாள்காட்டி சனவரியில் தொடங்கினாலும், புல்தரையின் ஆண்டு ஓகஸ்ட் முடிவில்தான் தொடங்குகிறது என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.

இலையுதிர்காலம்: வேலைக்குரிய பருவம்

ஓகஸ்ட் நடுப்பகுதி முதல் செப்ரெம்பர் மூன்றாம் வாரம் வரை மண்ணில் கோடையின் சூடு இன்னும் இருக்கும். காற்றோ குளிரத் தொடங்கியிருக்கும். பனித்துளியும் மழையும் கூடும். களைகளின் வேகம் தணிந்துவிடும். விதை முளைப்பதற்கு இதைவிடச் சிறந்த காலம் இந்நகரில் இல்லை. வசந்தகாலத்தில் இட்ட விதை முளைத்து, வேர் ஆழமாகப் போவதற்குள் கோடை வந்து அதை வாட்டிவிடும். செப்ரெம்பரில் முளைத்த புல்லுக்கு இலையுதிர்காலமும் அடுத்த வசந்தமும் என இரண்டு வளர்பருவங்கள் கிடைக்கின்றன.

வெளிறி மெலிந்த புல்தரையில் மேல்விதைப்பு செய்வதற்கு, முதலில் புல்லை 5 சென்ரிமீற்றர் அளவுக்குத் தாழ வெட்டி, காய்ந்த சருகை வாரி நீக்குங்கள். பலர் நடந்து இறுகிய மண்ணாயின், மண்ணைச் சிறு உருளைகளாகப் பிடுங்கி வெளியே தள்ளும் துளையிடும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்து ஒருமுறை ஓட்டுதல் நன்று. அயலவர் மூவர் சேர்ந்து ஒரு நாளுக்கு எடுத்தால் செலவு பகிரப்படும். நீர்தெளிப்புக் குழாயோ இணைய இணைப்புக் கம்பியோ ஆழமின்றிப் புதைக்கப்பட்டிருந்தால், அவ்விடங்களைச் சிறு கொடிகளால் முன்னரே குறித்துக்கொள்ளுங்கள். வெளியே வந்த மண் உருளைகளை அள்ள வேண்டாம். இரண்டு மழையில் அவை கரைந்துவிடும். அதன்மேல் ஒரு சென்ரிமீற்றர் கனத்துக்கு மக்கிய உரத்தைப் பரப்பி, விதையைத் தூவி, வாரியின் முதுகுப் பக்கத்தால் மெல்ல அழுத்திவிடுங்கள். மண்ணைத் தொடாத விதை குருவிக்குத்தான் பயன்படும்.

விதை வாங்கும்போது பையின் முன்பக்கத்துப் படத்தைப் பார்க்காமல், பின்பக்கத்தில் உள்ள இனப்பெயர்களைப் படியுங்கள். வெயில் நன்றாக விழும் முற்றத்துக்குப் புளூகிராஸும் பல்லாண்டு ரைகிராஸும் கலந்த கலவை. மர நிழலுக்கு மெல்லிலை ஃபெஸ்கியூ. மலிவான சில பைகளில் பெரும்பங்கு ஓராண்டு ரைகிராஸாக இருக்கும். அது விரைவாக முளைத்து மகிழ்ச்சி தரும், பனிக்காலத்தோடு முடிந்துவிடும்.

இங்கே பலர் தடுக்கி விழும் ஓர் இடம் உண்டு. ரைகிராஸ் ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். பசுமையைக் கண்டதும் வேலை முடிந்தது என எண்ணி நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிடுகிறார்கள். புளூகிராஸ் முளைப்பதற்கு இரண்டு முதல் நான்கு வாரங்கள் வேண்டும். நிலத்தடித் தண்டுகளால் படர்ந்து வெற்றிடங்களைத் தானாக மூடும் ஆற்றல் உள்ளது அந்தப் புளூகிராஸ்தான். அதன் விதை முளைவிட்டபின் ஒரு நாள் உலர்ந்தாலும் போயிற்று. ஆகவே மேல்மண் காயாதபடி, நாளுக்கு ஓரிரு முறை மெல்லிய தூறலாக, ஒரு மாதம் நீர் தெளிக்க வேண்டும். செப்ரெம்பரைத் தவறவிட்டவர்கள் ஒக்ரோபரில் விதைக்காமல், நவம்பர் பிற்பகுதியில் நிலம் உறைவதற்குச் சற்று முன் விதையைத் தூவிவிடலாம். அது பனியின் கீழ் முளைக்காமல் கிடந்து வசந்தத்தில் எழும்.

ஆண்டுக்கு ஒரேயொரு முறைதான் உரமிடுவேன் என்பவர் அதைச் செப்ரெம்பரில் இடட்டும். பையில் உள்ள மூன்று எண்களும் முறையே நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகியவற்றின் பங்கைக் குறிப்பன. நூறு சதுர மீற்றர் புல்தரைக்கு ஒரு தடவையில் அரைக் கிலோ நைதரசன் போதுமானது. முதல் எண் 20 எனில், இரண்டரைக் கிலோ உரத்தில் அந்த அரைக் கிலோ அடங்கிவிடும். மெதுவாகக் கரையும் நைதரசன் கொண்டதைத் தெரிவு செய்யுங்கள். நடைபாதையிலும் வாகனப்பாதையிலும் சிதறிய மணிகளைப் பெருக்கிப் புல்லிலேயே சேர்த்துவிட வேண்டும். நகரின் பல பகுதிகளில் வீதியோரத்து மழைநீர் வடிகால், சுத்திகரிப்பு ஏதுமின்றி அருகிலுள்ள ஓடைக்கும், அங்கிருந்து ஒன்ராறியோ ஏரிக்கும் செல்கிறது. நாம் குடிக்கும் நீரும் அந்த ஏரியிலிருந்தே வருகிறது.

உதிரும் மேப்பிள் இலைகளை எல்லாம் வாரிக் கட்ட வேண்டியதில்லை. புல் தெரியும் அளவுக்கு மெல்லிய படலமாக இருந்தால், புல்வெட்டும் இயந்திரத்தை அதன்மேல் இரண்டு முறை ஓட்டித் தூளாக்கிவிடுங்கள். அது மண்ணுக்கு உணவு. புல்லை மறைக்கும் அளவுக்குக் குவிந்தவற்றை மட்டும் கடதாசிப் பைகளில் இட்டு, உங்கள் பகுதிக்குரிய தோட்டக்கழிவு நாளில் வைக்கலாம். மார்ச் நடுப்பகுதி முதல் டிசெம்பர் நடுப்பகுதி வரை இரு வாரத்துக்கு ஒருமுறை அவை சேகரிக்கப்படுகின்றன. பிளாஸ்ரிக் பையில் கட்டியதும் 20 கிலோவுக்கு மேற்பட்டதும் எடுக்கப்படமாட்டா. வெட்டிய புல்லும் எடுக்கப்படமாட்டாது. அது புல்தரையிலேயே கிடக்க வேண்டியது.

வெண்புழுக்களும் இரவு விருந்தினரும்

ஒரு காலை எழுந்து பார்த்தால் புல்தரை கம்பளம் போல் சுருட்டப்பட்டுக் கிடக்கும். செய்தது ரக்கூனோ ஸ்கங்கோ. அவற்றின் மேல் கோபிப்பதில் பயனில்லை. அவை தேடியது, வேரைத் தின்னும் வெண்புழுக்களை. ஐரோப்பிய வண்டு, யப்பானிய வண்டு முதலியவை யூன் இறுதியிலும் யூலையிலும் மண்ணில் முட்டையிடுகின்றன. ஓகஸ்டில் பொரிக்கும் புழுக்கள் இலையுதிர்காலம் முழுவதும் வேரைத் தின்று, பனிக்காலத்தில் ஆழத்துக்குச் சென்று, ஏப்பிரலில் மீண்டும் மேலே வருகின்றன.

ஐயம் ஏற்பட்டால் முதலில் எண்ணிப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் நீள அகலமுள்ள சதுரத்தின் மூன்று பக்கங்களை மண்வெட்டியால் வெட்டி, புல்லை மடித்துத் திருப்பி, வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழுக்களை எண்ணுங்கள். இரண்டு, மூன்று இருப்பது இயல்பு. பத்தை நெருங்கினால் நடவடிக்கை வேண்டும். இதற்குரிய வழி, நெமற்றோடு எனப்படும் கண்ணுக்குத் தெரியாத நுண்புழுக்களை நீரில் கலந்து ஊற்றுவது. அவை வெண்புழுவின் உடலுள் நுழைந்து அதைக் கொல்கின்றன. மனிதருக்கும் செல்லப்பிராணிகளுக்கும் தீங்கு செய்வதில்லை. ஓகஸ்ட் பிற்பகுதி முதல் செப்ரெம்பர் நடுப்பகுதி வரை, புழுக்கள் சிறியனவாக இருக்கும்போதே இதைச் செய்ய வேண்டும். நெமற்றோடுகள் உயிருள்ளவை: வாங்கிய பொதியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலாவதித் திகதிக்குள் பயன்படுத்துங்கள். வெயில் அவற்றைக் கொன்றுவிடும் என்பதால் மாலையிலோ முகில் மூடிய நாளிலோ, முன்கூட்டியே நன்றாக நனைத்த மண்ணில் ஊற்றி, அடுத்து ஒரு வாரத்துக்கு மண்ணை ஈரமாக வைத்திருக்க வேண்டும். காய்ந்த நிலத்தில் நண்பகலில் ஊற்றினால், பணத்தைத்தான் ஊற்றினோம்.

பனிக்காலம்

இப்பருவத்தில் வேலை குறைவு. கடைசி வெட்டைச் சற்றுத் தாழ்வாக, 5 அல்லது 6 சென்ரிமீற்றர் உயரத்தில் முடித்துக்கொள்ளுங்கள். உப்புக் கலந்த பனியை ஒரே இடத்தில் குவிக்காதீர்கள். அவ்விடம் வசந்தத்தில் மொட்டையாகும். அதற்காகப் பனியை வீதியில் தள்ளுவதும் சட்டப்படி குற்றம். படிகளுக்கு மணலும் சிறிதளவு உப்பும் சேர்த்துத் தூவினால் வழுக்காது, புல்லும் பிழைக்கும். உறைந்த புல்லின் மேல் ஒரே தடத்தில் நடப்பதைக் குறைத்துக்கொண்டால் போதும்.

வசந்தகாலம்: பொறுமையும் சட்டமும்

பனி உருகியதும் வாரியை எடுக்கக் கை துடிக்கும். காலடி பதியும் அளவுக்கு ஈரமாக இருக்கும் நிலத்தில் இறங்க வேண்டாம், மண் இறுகிவிடும். உலர்ந்தபின் மெல்ல வாருங்கள். வட்ட வட்டமாகச் சாம்பல் அல்லது இளஞ்சிவப்பு நிறத்தில் காணப்படும் படலம், பனிக்குக் கீழே வளர்ந்த பூஞ்சணம்; வாரிக் காற்றோட்டம் கொடுத்தால் பெரும்பாலும் தானாகவே தேறும். உப்பால் வாடிய ஓரங்களில் ஓரிரு முறை நீரை நிறைய ஊற்றி உப்பைக் கீழே இறக்குங்கள்.

ஃபோர்சிதியாச் செடிகள் இலை விடுவதற்கு முன் மஞ்சள் பூவால் நிறையும் நாள்களே கிராப்கிராஸ் விதை முளைக்கத் தயாராகும் நாள்களும் ஆகும். அவ்வேளையில் சோளப்புரத மாவைத் தூவுவது முளைப்பை ஓரளவு குறைக்கும். ஆனால் அதற்கு நல்ல விதை எது, களைவிதை எது என்ற வேறுபாடு தெரியாது. அதைத் தூவிய இடத்தில் ஆறு வாரங்களுக்குப் புல்விதை போட வேண்டாம்.

மே மாதத்தில் டான்டிலயன் பூக்கும்போது எழும் கேள்வி ஒன்றே: எதை அடித்தால் சாகும்? இதற்கு விடை சொல்லும் முன், கடைகளில் ஏன் முன்போல் களைக்கொல்லி கிடைப்பதில்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது. கியூபெக் மாகாணத்தின் ஹட்சன் என்னும் சிற்றூர், அழகுக்காக மட்டும் பூச்சிகொல்லி, களைக்கொல்லி அடிப்பதை 1991ஆம் ஆண்டு தடைசெய்தது. புல்தரை பராமரிக்கும் இரு நிறுவனங்கள் அதை எதிர்த்து வழக்காடின. அந்த ஊருக்கு அவ்வாறு சட்டமியற்றும் உரிமை உண்டு என 2001இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்பின் ரொறன்ரோவின் துணைவிதி 2004இல் நடைமுறைக்கு வந்தது. 2009 ஏப்பிரல் 22 முதல் ஒன்ராறியோ முழுவதற்குமான தடை நடைமுறையில் உள்ளது. விவசாயம், கோல்ஃப் திடல், பொதுச் சுகாதாரம் போன்றவற்றுக்கு விலக்குகள் உண்டு. வீட்டு முற்றத்துக்கு இல்லை. எல்லை கடந்து பஃபலோவில் வாங்கிவந்த களைக்கொல்லியை இங்கே புல்தரையில் அடிப்பதும் இந்தத் தடையை மீறுவதே. குழந்தைகள் வெறுங்காலோடு உருளும் இடம் அது என்பதை நினைத்தால், சட்டம் வீட்டாருக்கு எதிராக நிற்கவில்லை என்பது விளங்கும்.

அனுமதிக்கப்பட்டவற்றுள் இரும்பு கலந்த களைக்கொல்லி அகன்ற இலைக் களைகளை மட்டும் கருக்கி, புல்லை விட்டுவைக்கும். கொங்கிறீற்றில் பட்டால் துருநிறக் கறை விழும். அசற்றிக் அமிலம் கொண்டது எதையும் கருக்கும் என்பதால், வாகனப்பாதை வெடிப்புகளுக்கு மட்டுமே ஏற்றது. சில பத்து டான்டிலயன்கள்தாம் உள்ளன என்றால், மழை பெய்த மறுநாள் நீண்ட பிளவுமுனைக் கருவியால் ஆணிவேரோடு பிடுங்குவதே மலிவான வழி. வேரில் பாதி அறுந்து நின்றால் மீண்டும் தளிர்க்கும்.

கோடைகாலம்: வெட்டும் உயரமும் ஒரு முடிவும்

கோடைப் பராமரிப்பில் பெரும்பகுதி, புல்வெட்டும் இயந்திரத்தின் சில்லுகளை எந்த உயரத்தில் வைப்பது என்பதிலேயே அடங்கும். 6 முதல் 8 சென்ரிமீற்றர் வரை விட்டு வெட்டுங்கள். உயர்ந்து நிற்கும் புல்லுக்கு வேரும் ஆழமாகும். அதன் நிழலில் கிராப்கிராஸ் விதைக்கு ஒளி கிட்டாது. ஒட்ட வெட்டினால் அடிக்கடி வெட்டத் தேவையில்லை என்று எண்ணுவது இயல்பே. ஆனால் ஒரே வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுத்தால் புல் வேரிலிருந்த சேமிப்பைச் செலவழித்து மீள வேண்டியிருக்கும். களைக்கும் இடம் திறந்துவிடும். வெட்டிய புல்லை அப்படியே விடுங்கள். ஆண்டுக்குத் தேவையான நைதரசனில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு அதிலிருந்தே திரும்பக் கிடைக்கிறது. வெட்டலகு மழுங்கினால் புல்லின் நுனி கிழிந்து வெளிறும். ஆண்டுக்கு ஒரு முறையாவது தீட்டிக்கொள்ளுங்கள். இயந்திரம் ஓடும்போது சிறுவர்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஒரு சிறு கல்லும் அதன் வாயிலிருந்து குண்டுபோல் பாயும்.

இரவுப் பணி முடித்து வருபவர்களும் மாலையில் தாமதமாக வருபவர்களும் கவனிக்க வேண்டியது: புல்வெட்டும் இயந்திரம் போன்றவற்றை இரவு 9 மணிக்குப் பின்னும் காலை 7 மணிக்கு முன்னும், சனி, ஞாயிறு, அரச விடுமுறை நாள்களில் காலை 9 மணிக்கு முன்னும் இயக்கக் கூடாது. மறுபக்கம், புல்லை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடுவதும் துணைவிதிக்கு மாறானது. அறிவித்தல் கிடைத்தும் வெட்டாவிட்டால் மாநகரசபை ஆளனுப்பி வெட்டிவிட்டு, செலவை உரிமையாளரிடம் அறவிடலாம். இரண்டு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் அயலவரிடமோ உறவினரிடமோ வெட்டும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுச் செல்வது நல்லது. நடைபாதைக்கும் வீதிக்கும் இடையே உள்ள புல்துண்டு மாநகரசபையின் நிலமானாலும், அதை வெட்டுவதும் வீட்டாரின் கடமையே.

நீரைப் பொறுத்தவரை யூன் இறுதியில் ஒரு முடிவு எடுங்கள்: பசுமையாக வைத்திருப்பதா, உறங்க விடுவதா? பசுமை வேண்டுமாயின், மழையும் சேர்த்து வாரத்துக்கு 2.5 சென்ரிமீற்றர் நீர் வேண்டும். தெளிப்பான் ஓடும் இடத்தில் வெறும் ரின்மீன் பேணி ஒன்றை வைத்து அளந்து, எவ்வளவு நேரத்தில் அந்த ஆழம் நிரம்புகிறது எனக் கண்டுகொள்ளுங்கள். அதை வாரத்துக்கு ஒருமுறை, அதிகாலையில் பாய்ச்சுங்கள். நாளும் மாலையில் சிறிது சிறிதாகத் தெளிப்பது வேரை மேலேயே நிறுத்திவிடும். இரவெல்லாம் நனைந்த இலையில் நோயும் பற்றும். செலவையும் கணக்கிடுங்கள். நூறு சதுர மீற்றர் புல்லுக்கு ஒரு தடவைக்கு 2,500 லீற்றர், அதாவது இரண்டரைக் கன மீற்றர். எட்டு வாரத்துக்கு இருபது கன மீற்றர். நான்கு மாதத்துக்கு ஒருமுறை வரும் நீர்க்கட்டணப் பட்டியலில் அது தெரியாமல் போகாது.

உறங்க விடுவதே இக்கட்டுரை பரிந்துரைக்கும் வழி. வேரூன்றிய புல் நான்கு முதல் ஆறு வாரம் மழையின்றித் தாங்கும். வறட்சி அதற்கு மேலும் நீண்டால், குருத்தடி காய்ந்துவிடாமல் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒரு சென்ரிமீற்றர் அளவு நீர் கொடுங்கள்; பசுமை திரும்பாது, உயிர் நிற்கும். ஒரு வாரம் எழுப்பி, மறுவாரம் மறந்து, மீண்டும் எழுப்புவதே மிகவும் தீங்கானது. ஒவ்வொரு முறை எழும்போதும் புல் தன் சேமிப்பைக் கரைக்கிறது. விதைத்தோ பதித்தோ ஓராண்டு நிறையாத புல்லுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. அதற்கு நீர் வேண்டும்.

ஒப்பந்தங்களும் மாற்று வழிகளும்

வசந்தத்தில் கதவைத் தட்டி, “உங்கள் புல் செத்துக்கொண்டிருக்கிறது” என்று சொல்பவரிடம் அன்றே கையொப்பமிட வேண்டாம். எத்தனை முறை வருவார்கள், எதைத் தெளிப்பார்கள், அடுத்த ஆண்டு தானாகவே புதுப்பிக்கப்படுமா என்பவற்றை எழுத்தில் கேளுங்கள். வீட்டு வாசலில் செய்துகொண்ட, 50 டொலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தை, அதன் எழுத்துப் பிரதி கிடைத்த 10 நாள்களுக்குள் காரணம் கூறாமலே இரத்துச் செய்யும் உரிமை ஒன்ராறியோவில் உண்டு. வீட்டில் தனித்திருக்கும் முதியோருக்கு இதை எடுத்துச் சொல்லி வையுங்கள். இத்தகையோர் பெரும்பாலும் பகல் வேளையில்தான் வருகிறார்கள்.

அடர்ந்த நோர்வே மேப்பிளின் கீழ் ஆண்டுதோறும் விதைத்துத் தோற்பவர்கள் அப்போராட்டத்தைக் கைவிட்டு, நிழலில் வளரும் உள்நாட்டுச் செடிகளை நடலாம். வெயில் விழும் பின்முற்றத்தில் ஒரு பகுதியைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் வெண்டிக்கும் மாற்றுவதில் தடையேதும் இல்லை. நம் குடும்பங்கள் பல ஏற்கெனவே அதைச் செய்துவருகின்றன. புல்லோடு வெண் குளோவரைக் கலந்து விதைத்தால், அது காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்த்து உரத்தேவையைக் குறைக்கும். கோடையிலும் பசுமையாக நிற்கும். முன்முற்றத்தை இயற்கைத் தோட்டமாக்க முன்பு தேவைப்பட்ட விலக்கு அனுமதி 2022 முதல் தேவையில்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட செடிகளின் பட்டியலைப் பார்த்து நடுங்கள். புல்லுக்குரிய 20 சென்ரிமீற்றர் வரம்பு புல் நிற்கும் பகுதிக்கு அப்போதும் பொருந்தும். வேலிக்கோ மரத்துக்கோ குழி தோண்டுவதற்கு முன், நிலத்தடி எரிவாயு, மின்சாரக் குழாய்களைக் குறித்துத் தருமாறு ஒன்ராறியோ ஒன் கோல் சேவையிடம் கேளுங்கள். வீட்டுரிமையாளருக்கு அது இலவசம்; சில நாள்கள் முன்கூட்டியே கேட்க வேண்டும்.

உங்கள் வீதிக்குரிய தோட்டக்கழிவு நாள், துணைவிதிகள், மாநகரசபையின் மரங்கள் ஆகியன பற்றிய விபரங்களை 311 என்னும் தொலைபேசி இலக்கத்தில் பெறலாம். அழைத்தவுடன் “தமிழ்” என்று சொன்னால், மொழிபெயர்ப்பாளர் இணைக்கப்படுவார்.